சுவருக்குள் ஒரு கரை

செங்கல் அடுக்கி, சிமென்ட் பூசி, தரைக்கு மேலே இரண்டரை அடி உயரத்துக்கு எழுப்பிய தோட்டக் குளத்தில் தண்ணீர் உண்டு, மீன் உண்டு, நடுவில் அல்லியும் உண்டு. கரை மட்டும் கிடையாது. நீர்மட்டத்துக்கு மேலே செங்குத்தான சுவர், கீழேயும் அதே சுவர். நீந்தவோ மிதக்கவோ தெரிந்த உயிர்கள் அங்கே பிழைத்துக்கொள்ளும். நிற்க வேண்டியவை, ஊர்ந்து ஏற வேண்டியவை, ஆழமில்லாத சேற்றில் வேர்விட வேண்டியவை எல்லாவற்றுக்கும் அது வெறும் பள்ளம்தான்.

ஒரு நீர்நிலையின் உயிர்வளத்தில் பெரும்பங்கு அதன் ஓரத்தில்தான் சேர்கிறது. அங்கேதான் வெயில் அடிமண் வரை இறங்குகிறது. காற்றும் நீரும் மண்ணும் ஒரு சாண் இடைவெளிக்குள் சந்திக்கின்றன. நம் ஏரிகளைப் பாருங்கள். மண்ணைக் கொட்டிக் கரை எழுப்பிய பக்கம் ஆழமாக இருக்கும். வரத்துக்கால் வந்து சேரும் எதிர்ப்பக்கமோ, தண்ணீர் எங்கே முடிகிறது, நிலம் எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க முடியாதபடி மெல்லச் சரிந்து கிடக்கும். கோரையும் சம்பும் நீர்முள்ளியும் ஆரைக்கீரையும் அங்கேதான். கொக்கும் நீர்க்கோழியும் இரை தேடுவதும் அங்கேதான்.

வீட்டுக் குளத்தை உயர்த்திக் கட்டுவதற்கு நல்ல காரணங்கள் இருக்கின்றன. நகரத்து முற்றங்களில் தோண்ட மண் இல்லை. தெருவின் அழுக்கு மழைநீர் உள்ளே வராது. தவழும் குழந்தை தவறி விழாது. வயதானவர்கள் விளிம்பில் உட்கார்ந்து கையால் செடியைத் தொடலாம். இவற்றுக்கெல்லாம் நாம் கொடுக்கும் விலை அந்தச் சரிவு. அதை எப்படித் திரும்பப் பெறுவது என்பதுதான் இந்த அத்தியாயம்.

உண்மையான சரிவுக்கு இடம் போதாது. ஐந்துக்கு ஒன்று என்ற சாய்வில் 60 சென்டிமீட்டர் ஆழம் இறங்க மூன்று மீட்டர் நீளம் வேண்டும். இரண்டு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள தொட்டியில் அதற்கு வழியில்லை. இந்தச் சிக்கலுக்கு நம் கோயில் குளங்களைக் கட்டியவர்கள் என்றோ விடை கண்டுவிட்டார்கள். மன்னார்குடி ஹரித்ரா நதியானாலும் மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளமானாலும், ஐப்பசியில் நிறைந்து சித்திரையில் இறங்கும் நீர் எந்த மட்டத்தில் நின்றாலும் கால் நனைக்க ஒரு படி உண்டு. அது மனிதர்களுக்காகக் கட்டியது. செடிக்கும் அதே ஏற்பாடு போதும்.

முழுக்கொள்ளளவு மட்டத்திலிருந்து 10 சென்டிமீட்டர் கீழே முதல் படி, 30 சென்டிமீட்டர் கீழே இரண்டாவது படி, அதற்கப்பால் தரை. படியின் அகலம் ஒரு தொட்டி உட்காரும் அளவு, அதாவது ஓர் அடி. புதிதாகக் கட்டுபவர்கள் சுவரோடு சேர்த்தே படியையும் கட்டிவிடலாம். ஏற்கெனவே கட்டி முடித்திருந்தால் செங்கல்லையோ கவிழ்த்த மண்தொட்டிகளையோ உள்ளே அடுக்கினால் போதும். சுவரை உடைக்கத் தேவையில்லை. நாலாபுறமும் படி வைக்கவும் வேண்டாம். மேற்குப் பக்கத்துக்கு முதலிடம் கொடுங்கள். சித்திரை மாதத்தில் சென்னையில் நண்பகல் சூரியன் கிட்டத்தட்ட தலைக்கு நேர் மேலே நிற்கிறது. அப்போது தெற்கு, வடக்குச் சுவர்களில் வெயில் அதிகம் விழாது. பிற்பகல் முழுவதும் வேகிறது மேற்குச் சுவர்தான். மண்ணுக்குள் தோண்டிய குளத்துக்குச் சுற்றியுள்ள நிலமே வெப்பத்தைத் தாங்கிக்கொள்ளும். உயர்த்திக் கட்டிய குளத்துக்கு அந்தக் காப்பு இல்லை. நீரில் 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும்; 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான். மேற்குப் படியில் உயரமான செடிகளை வைத்தால், அவற்றின் நிழலே மீன்களுக்குச் செய்யும் பெரிய உதவி.

படியின் ஆழத்தில் ஏன் இவ்வளவு கணக்கு பார்க்க வேண்டும்? செடியின் வேரும் மூச்சு விட வேண்டும் என்பதுதான் விடை. ஒரு லிட்டர் காற்றில் இருக்கும் ஆக்சிஜன், ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் கரைந்திருப்பதைப் போல ஏறத்தாழ 35 மடங்கு. போதாக்குறைக்கு, அது நீருக்குள் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிடப் பத்தாயிரம் மடங்கு குறைவு. நீரில் மூழ்கிய மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை ஓரிரு நாளில் தீர்த்துவிடும். ரோஜாச் செடியைக் குளத்துப் படியில் வைத்தால் வேர் அழுகிச் சாவது தண்ணீர் அதிகமானதால் என்று சொல்கிறோம். மூச்சுத் திணறிச் சாகிறது என்பதே சரி.

நீர்க்கரைச் செடிகள் தம் உடலையே குழாயாக்கிக்கொண்டு இதைச் சமாளிக்கின்றன. தாமரைத் தண்டை ஒடித்துப் பார்த்தவர்களுக்கு உள்ளே ஓடும் துளைகள் தெரியும். சம்பின் இலையைக் குறுக்கே வெட்டினால் அடுக்கடுக்கான வெற்றறைகள் தெரியும். கோரைத் தண்டைக் கசக்கினால் பஞ்சு மாதிரி அமுங்கும். இந்தக் காற்றறைத் திசு இலையிலிருந்து வேர்நுனி வரை தொடர்ந்து செல்கிறது. பல செடிகளில் ஆக்சிஜன் அதன் வழியே தானாகவே பரவி இறங்குகிறது. சிலவற்றில் உண்மையிலேயே காற்று வீசுகிறது. அமெரிக்க ஆய்வாளர் ஜான் டேசி 1980இல் மஞ்சள் நிற நீரல்லி வகை ஒன்றில் இதை விளக்கிக் காட்டினார். வெயிலில் காயும் இளம் இலையின் உட்புறம் வெதுவெதுப்பாகவும் ஈரமாகவும் இருக்கிறது. அதன் மிக நுண்ணிய துளைகள் வழியே வெளிக்காற்று உள்ளே கசிகிறது. ஆனால் உள்ளே சேரும் அழுத்தம் அதே துளைகள் வழியே வெளியேற முடிவதில்லை. அந்தக் காற்று காம்பு வழியே சேற்றில் புதைந்த கிழங்குக்கு இறங்கி, பழைய இலைகளின் பெரிய துளைகள் வழியே வெளியே போகிறது. ஓர் இலை நாளொன்றுக்கு 22 லிட்டர் வரை காற்றை உள்ளே அனுப்பியதாக அவர் அளந்தார். தாமரையிலும் சம்பிலும் இதே போன்ற காற்றோட்டம் பின்னாளில் உறுதியாயிற்று. சூரியனைத் தவிர வேறு எந்த விசையும் இல்லாமல் ஒரு செடி தன் வேருக்குக் காற்று இறைக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

இறங்கிய ஆக்சிஜனில் கொஞ்சம் வேரிலிருந்து வெளியே கசியும். சேற்றில் நின்ற நெல்லையோ சம்பையோ பிடுங்கிக் கழுவினால் வேரில் செம்பழுப்புப் படலம் தெரியும். சேற்று நீரில் கரைந்திருந்த இரும்பு அந்த ஆக்சிஜனைச் சந்தித்துத் துருவாகப் படிந்தது அது. நெற்பயிரும் நீரோரத்துப் புல்தான். நம் வயல் ஒவ்வொன்றும் வரப்பு கட்டிப் பெரிதாக்கிய ஒரு குளக்கரை.

இதிலிருந்து கையோடு கிடைக்கும் விதிகள் மூன்று. முதலாவது, செடியின் ஒரு பகுதி எப்போதும் நீருக்கு மேலே இருக்க வேண்டும். நாற்றங்காலில் வாங்கி வந்த சின்னச் செடியை நேரே 30 சென்டிமீட்டர் ஆழத்தில் இறக்கினால் அது மூழ்கிப்போகும். இரண்டு மூன்று செங்கல் மேல் தூக்கி வைத்து, இலை உயர உயர ஒவ்வொரு செங்கல்லாக எடுத்துவிடுங்கள். இரண்டாவது, கழிக்கும்போது தண்டின் அடிக்கட்டை நீர்மட்டத்துக்கு மேல் நிற்க வேண்டும். சம்பை ஒழிக்க விரும்புகிறவர்கள் அதை நீருக்கடியில் வெட்டுவதே வழக்கம். குழாயின் வாய் அடைபட்டுக் கிழங்கு செத்துவிடும். மூன்றாவது, மண்ணின் பசியைக் கூட்டக் கூடாது. மாடித்தோட்டத்துக்கு நாம் எல்லோரும் கலக்கும் தேங்காய் நார்க்கழிவும் மண்புழு உரமும் இங்கே ஆகாது. நார்க்கழிவு மிதந்து போகும். உரம் அழுகும்போது கிடைக்கும் சொச்ச ஆக்சிஜனையும் தின்றுவிடும். அது தீர்ந்த பிறகு நுண்ணுயிர்கள் முதலில் நைட்ரேட்டுக்கும், பிறகு இரும்புக்கும், பிறகு சல்ஃபேட்டுக்கும் தாவும். சேறு கறுத்து, கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் வருவது அந்தக் கடைசிக் கட்டத்தில். வயல் களிமண் போதும். அகலமான, ஆழம் குறைந்த தொட்டியில் அதை நிரப்பி, மேலே இரண்டு விரல் பருமனுக்குச் சரளை பரப்பினால் மீன் கிளறிக் கலக்காது. உயரமான செடியின் தொட்டிக்கு அடியில் ஒரு கனமான கல்லும் வேண்டும். உயர்ந்த குளத்தில் நிற்கும் நான்கடிச் செடி, ஆடிக் காற்றில் தரைச் செடியைவிட அதிகம் ஆடும்.

அடுத்தது விளிம்பு. சுவர் உச்சி வரை மண்ணை நிரப்பி, கொடியை வெளியே தொங்கவிட்டால் அழகாக இருக்கும் என்று பலர் செய்கிறார்கள். சில வாரங்களில் நீர்மட்டம் வழக்கத்தைவிட வேகமாக இறங்கத் தொடங்கும். வெடிப்பு எங்கே என்று சுவரைத் தேடுவார்கள். வெடிப்பு இருக்காது. ஈர மண்ணின் நுண்ணிய இடுக்குகளில் நீர் தானாக மேலேறும். வீட்டுச் சுவரில் ஓதம் ஏறுவதும் இதனால்தான். இடுக்கின் விட்டம் ஒரு மில்லிமீட்டர் என்றால் ஏற்றம் மூன்று சென்டிமீட்டர். விட்டம் பத்தில் ஒரு மில்லிமீட்டர் என்றால் 30 சென்டிமீட்டர். பருமணலில் ஏற்றம் சில சென்டிமீட்டரோடு நின்றுவிடும். களிமண்ணிலும் பாசியிலும் அடர்ந்த வேர்ப்பின்னலிலும் விளிம்பைத் தாண்டும் அளவுக்கு ஏறும். அந்தப் பக்கம் இறங்கும் கொடி வெளி மண்ணைத் தொட்டுவிட்டால், அகல் விளக்கின் திரி எண்ணெயை இழுப்பதுபோலக் குளத்தை அது மெல்ல மெல்ல வெளியே இழுத்துவிடும். ஆகவே படியின் மண்மட்டம் சுவரின் உச்சிக்கு நான்கு விரலாவது கீழே இருக்க வேண்டும். சுவரின் மேல்முகம் காய்ந்து தெரிய வேண்டும். தொங்கும் கொடியைத் தரைக்கு ஓர் அடி மேலேயே நறுக்கிவிட வேண்டும்.

உண்மையான கசிவா, ஆவியாதலா என்று சந்தேகம் வந்தால் சோதிப்பது எளிது. ஒரு வாளியில் குளத்து நீரை நிரப்பிப் படியில் வைத்து, வாளியிலும் குளத்திலும் மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் கழித்து இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு இறங்கியிருந்தால் அது வெயில் குடித்தது. குளம் மட்டும் கொஞ்சம் அதிகம் இறங்கியிருந்தால் அதில் செடிகளுக்கும் பங்கு உண்டு. வறண்ட காற்றின் நடுவே தனியாக நிற்கும் சிறு பசுமைத் திட்டு, அதே பரப்புள்ள திறந்த நீரைவிட அதிகமாக ஆவி விடும். சுற்றிலும் இருக்கும் சூடான காற்று பக்கவாட்டிலிருந்தும் அதை உலர்த்துவதே காரணம். குளம் பல மடங்கு இறங்கியிருந்தால் மட்டும் கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.

இனி யாரை எந்தப் படியில் வைப்பது என்பது. முதல் படியில், மண் மட்டும் ஈரமாக இருக்கும்படி சற்றே தூக்கி வைத்த தொட்டிகளில் வல்லாரை, நீர்ப்பிரம்மி, பொடுதலை, கரிசலாங்கண்ணி, பொன்னாங்கண்ணி. அதே படியில் நீருக்குள் இறக்கிய தொட்டிகளில் வசம்பு, சிறு கோரைகள், சேம்பு, கல்வாழை. இரண்டாம் படிக்குச் சம்பு, அதுவும் தொட்டியை விட்டு ஒருபோதும் வெளியேறாதபடி. பிளாஸ்டிக் விரிப்பு போட்ட குளமானால் அதன் கூரிய கிழங்குநுனி விரிப்பைத் துளைத்துவிடும். அல்லி தரையிலேயே இருக்கட்டும்.

ஆரைக்கீரைக்கு மட்டும் இரண்டு வரி கூடுதலாகத் தர விரும்புகிறேன். பூவே பூக்காத, பெரணி இனத்தைச் சேர்ந்த சிறு செடி அது. காம்பின் உச்சியில் நான்கு இலைத்துண்டுகள் சிலுவையாக விரியும். இரவில் மடிந்து தூங்கும். ஈர மண்ணில் வளரும்போது காம்பு குட்டையாக, விறைப்பாக நிற்கும். அதே செடியை ஆழத்தில் இறக்கினால், புதிதாக வரும் இலைகளின் காம்பு நூலாக நீண்டு, இலை நீர்ப்பரப்பில் படுத்து மிதக்கும். நிலத்து இலையில் இருபுறமும் இருக்கும் இலைத்துளைகள், மிதக்கும் இலையில் காற்றைப் பார்க்கும் மேற்புறத்தில் மட்டும் இருக்கும். நீர்மட்டம் ஏறி இறங்கும் குளக்கரையில் பிழைக்கக் கற்ற செடி. உங்கள் படிகளில் ஒரு தொட்டியை மேலேயும் ஒன்றைக் கீழேயும் வைத்தால் இரண்டு உருவத்தையும் ஒரே நேரத்தில் பார்க்கலாம்.

புது சிமென்ட் தொட்டியாக இருந்தால் இதையெல்லாம் அவசரப்பட்டுச் செய்யக் கூடாது. சிமென்டிலிருந்து கசியும் சுண்ணாம்பு நீரின் காரத்தன்மையை (pH அளவில்) 12 வரை ஏற்றிவிடும். நீரை நிரப்பி வைத்து, கொட்டி, மறுபடி நிரப்பிச் சில வாரங்கள் பதப்படுத்த வேண்டும். மீன் வளர்ப்பவர்கள் வாழைத்தண்டுத் துண்டுகளைப் போட்டு ஊறவைப்பதில் நல்ல வேதியியல் இருக்கிறது. தண்டு அழுகும்போது வரும் கரியமில வாயுவும் கரிம அமிலங்களும் சுண்ணாம்பைத் தணிக்கின்றன.

காரத்தன்மையில் ஏன் கவனம் தேவை என்பது மீன் கழிவைப் பற்றிய கதை. மீன் வெளியேற்றும் அம்மோனியா இரண்டு வடிவங்களில் நீரில் இருக்கிறது. ஒன்று ஓரளவு தீங்கற்றது, மற்றது நஞ்சு. காரத்தன்மை 7ஆக இருக்கும்போது நஞ்சு வடிவம் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. 9 ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். பச்சைப் பாசி நிறைந்த குளத்தில் பிற்பகலில் இதுதான் நடக்கிறது. பாசி ஒளிச்சேர்க்கைக்காக நீரில் கரைந்த கரியமில வாயுவை உறிஞ்சித் தீர்க்க, காரம் ஏறுகிறது.

கரைச்செடிகள் இங்கே வேறு விதமாக நடந்துகொள்கின்றன. அவற்றின் இலை வெளிக்காற்றில் இருப்பதால் கரியமில வாயுவை அங்கிருந்தே எடுத்துக்கொள்கின்றன. குளத்து நீரின் காரத்தை ஏற்றுவதில்லை. வேர் வழியே பாசியின் உணவான நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் இழுத்துக்கொள்கின்றன. பரவலான ஒரு நம்பிக்கையையும் இங்கே திருத்த வேண்டும். ஓரத்தில் செடி வைத்தால் மீனுக்கு ஆக்சிஜன் கிடைக்கும் என்கிறார்கள். கரைச்செடி வெளியிடும் ஆக்சிஜனில் பெரும்பகுதி காற்றோடு போய்விடும். வேர்வழிக் கசிவு நீரை எட்டுவதில்லை. நெருக்கமாக மீன் விட்டிருப்பவர்களுக்கு நீரைக் கலக்கும் சிறு பம்ப் தேவைதான்.

வேர்வழிக் கசிவின் பயன் சேற்றுக்குள் இருக்கிறது. வேரை ஒட்டிய மெல்லிய வட்டத்தில் ஆக்சிஜன் உண்டு. அதற்கு ஒரு விரல் தள்ளி இல்லை. முதல் இடத்தில் ஒரு வகை பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும். அது நகர்ந்து இரண்டாவது இடத்தை அடைந்ததும் வேறு வகையினர் அதை வெறும் நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடுவார்கள். ஜெர்மனியின் ப்ளோன் நகரில் மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிலையத்தில் கேத்தே சைடல் என்ற பெண் விஞ்ஞானி 1950களில் நீர்க்கோரைகளைக் கொண்டு அழுக்கு நீரைத் தெளிய வைக்கும் சோதனைகளைத் தொடங்கினார். இன்று உலகெங்கும் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் செடிப்படுகைகள் அந்த வழியில் வந்தவை. நம் ஊரில் குளியலறை நீர் பாயும் இடத்தில் கல்வாழை நடுவதும் அதே வேலைதான்.

செடி நிலைத்த சில மாதங்களில் குளத்துக்கு வேறு குடியினர் வருவார்கள். ஊசித்தட்டான் தன் முட்டைகளைச் செடித் தண்டின் சதைக்குள் செருகி வைக்கும். தண்டு இல்லாத குளத்தை அது பயன்படுத்த முடியாது. தட்டான்களின் இளம்புழுக்கள் நீருக்குள் கொசுப்புழுக்களைத் தின்று வளர்ந்து, ஓர் அதிகாலையில் தண்டைப் பற்றி மேலேறித் தோலைக் கிழித்துச் சிறகு விரிக்கும். மழைக்காலத்தில் மரத்தவளை நீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் இலையில் நுரைக்கூடு கட்டும். தலைப்பிரட்டைகள் அதிலிருந்து நேரே குளத்தில் சொட்டும். நீர் எடுக்க வரும் தேனீக்கு வல்லாரைத் தொட்டியின் ஈரச் சரளையே துறை. விளிம்பு வரை சாய்த்து வைத்த ஒரு கரடுமுரடான கட்டை, தவறி விழும் அணிலுக்கும் பல்லிக்கும் உயிர் தரும்.

கொசுவைப் பற்றிச் சொல்லாமல் எந்தத் தமிழ் வீட்டிலும் குளம் கட்டச் சொல்ல முடியாது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு நீரில் முட்டையிடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் ஒட்டி வைக்கும். அவை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, நீர் ஏறி நனைத்ததும் பொரிக்கும். வாரம் ஒரு முறை நீர் நிரப்பும் தொட்டிச் சுவர் அதற்கு ஏற்ற இடம். எனவே அந்த ஒரு சாண் பட்டையை வாரம் தவறாமல் நார் வைத்துத் தேய்க்க வேண்டும். நெற்றியில் வெள்ளிப் புள்ளியோடு நீர்ப்பரப்பிலேயே திரியும் நம் நாட்டு அப்லோகைலஸ் மீன்கள் நாலைந்து இருந்தால் புழு மிஞ்சாது. ஆனால் மீன் நுழைய முடியாத அளவுக்குச் செடி அடைந்துவிட்டால் புழு அதற்குள் ஒளிந்துகொள்ளும். பரப்பில் பாதியாவது திறந்த நீராக இருக்கட்டும்.

ஆழ்துளைக் கிணற்று நீரால் நிரப்புகிறவர்கள் உப்பைக் கணக்கில் வைக்க வேண்டும். கோடையில் நாளுக்கு 7 மில்லிமீட்டர் ஆவியானால், இரண்டு சதுர மீட்டர் பரப்பில் போவது 14 லிட்டர். ஆயிரம் லிட்டர் குளத்தில் 70 நாளில் முழு அளவு நீரும் ஆவியாகி, அதே அளவு ஊற்றப்பட்டிருக்கும். நீர் போய்விடும், உப்பு போகாது. செறிவு இரு மடங்காகிவிடும். வல்லாரை இலையின் ஓரம் கருகுவது முதல் எச்சரிக்கை. அவ்வப்போது கால் பங்கு நீரை எடுத்து மரங்களுக்கு ஊற்றிவிட வேண்டும். 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமான பிறகு பெரும்பாலான வீடுகளில் கூரைக் குழாய் இருக்கிறது. முதல் மழையின் அழுக்கைப் போகவிட்டு, அதன் ஒரு கிளையைக் குளத்துக்குத் திருப்பினால் இதைவிட நல்ல நீர் வேறில்லை.

மொட்டைமாடியில் இத்தகைய குளம் கட்ட நினைப்பவர்களுக்கு ஒரு கண்டிப்பான சொல். 60 சென்டிமீட்டர் நீர் மட்டுமே சதுர மீட்டருக்கு 600 கிலோ. நடமாடும் மொட்டைமாடிக்கு இந்தியக் கட்டடத் தரநிலை வைக்கும் பயன்பாட்டுச் சுமை ஏறத்தாழ 150 கிலோ. அமைப்புப் பொறியாளர் ஒருவர் பார்த்துச் சொல்லாமல் அங்கே ஒரு செங்கல்லும் அடுக்க வேண்டாம். தரையிலும் சுவர் கனமாகவே இருக்கட்டும். அந்த ஆழத்து நீர் ஒவ்வொரு மீட்டர் நீளச் சுவரையும் சுமார் 180 கிலோ எடைக்குச் சமமான விசையோடு வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்.

ஊதாப் பூவுக்கு ஆசைப்பட்டு ஆகாயத்தாமரையை மட்டும் கொண்டுவர வேண்டாம். தென் அமெரிக்காவிலிருந்து வந்த அந்தச் செடி நம் ஏரிகளுக்குச் செய்ததை எல்லோரும் பார்த்திருக்கிறோம். நெய்வேலிக் காட்டாமணக்கும் அதே கண்டத்திலிருந்து வந்து வாய்க்கால்களை அடைத்தது.

வருடத்துக்கு இரண்டு முறை, மழைக்கு முன்பும் தைக்குப் பின்பும், படிச்செடிகளை மூன்றில் ஒரு பங்கு கழித்துவிடுங்கள். செடி உறிஞ்சிய நைட்ரஜனும் பாஸ்பரஸும் அதன் உடலில்தான் இருக்கின்றன. இலை குளத்திலேயே விழுந்து மக்கினால் அத்தனையும் திரும்ப நீருக்கே போய்விடும். வெட்டியதைக் குளத்துக்கு வெளியே எடுத்தால்தான் கணக்கு தீரும். அதை வாழைக்கோ தென்னைக்கோ அடியில் போட்டு மண் தள்ளி மூடலாம். வேரும் கிழங்கும் உள்ளவற்றை வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே போட வேண்டும். எந்தத் துண்டையும் வாய்க்காலிலோ தெருவோர மழைநீர்க் காலிலோ வீசக் கூடாது.